கல்லூரிச் சிறப்புரைகள்: மாணவர்களுக்கு நிஜமாகவே பயன்படும்படி நடத்துவது எப்படி?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பொருளியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வரும் பருவத்தில் 'பன்னாட்டுக் கல்வியும் உலகப் பிரச்சினைகளும்' என்ற தலைப்பில் 4 சிறப்புரைகள் நடத்தும் பொறுப்பை முதல்வர் என்னிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிடித்த வேலைதான். ஆனால் போன வருஷம் நடந்ததை நினைத்தால் பயமாக இருக்கிறது.

போன வருஷம் இதே மாதிரித் தலைப்பில் ஒரு கூட்டம் வைத்தோம். அரங்கில் 300 பேர். பாதிக்கு மேல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று முக்கால் மணி நேரம் போய்விட்டது. அப்புறம் வந்தவர் மடிக்கணினியைத் திறந்தார். முதல் ஸ்லைடில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கட்டடம், கடைசி ஸ்லைடில் ஒரு க்யூஆர் கோடு. நடுவில் உலகப் பிரச்சினை எதுவும் வரவில்லை. கேள்விக்குக் கிடைத்தது 5 நிமிஷம். எழுந்த ஒரே கேள்வியும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் பற்றியது. கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு வழங்கும் நாக் அமைப்புக்குக் காட்டும் கோப்புக்காக, இடம் பதிவாகும் ஜியோடேக் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

அந்த க்யூஆர் கோடை என் வகுப்பு மாணவி ஒருத்தி ஸ்கேன் செய்திருக்கிறாள். அது ஒரு ஏஜென்சிக்குப் போயிருக்கிறது. பதிவுக் கட்டணம், கோப்புக் கட்டணம் என்று அவள் அப்பா 75,000 ரூபாய் கட்டியிருக்கிறார். டீக்கடை வைத்திருப்பவர். விசா வரவில்லை, பணமும் திரும்பவில்லை. விசாரிக்கப் போனபோது அவர் என்னிடம் கோபப்படவே இல்லை. "காலேஜ் மேடையில வச்சுச் சொன்னாங்களேம்மா" என்று மட்டும் சொன்னார். மேடை எங்களுடையது. பொன்னாடை போர்த்தியதும் நாங்கள்தான். எங்களை நம்பித்தான் அவர் கட்டியிருக்கிறார்.

யாரை அழைக்கலாம், எவ்வளவு நேரம் கொடுக்கலாம், எந்த மொழியில் நடத்தலாம்? இப்படி ஒரு நல்ல உரையைக் கேட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள்.

முத்துநகர் மாணவி எழுதியது:

மேடம், படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. 3 வருஷத்தில் 20 சிறப்புரைக்காவது போயிருப்பேன். ஞாபகத்தில் நிற்பது ஒன்றே ஒன்று. அதைச் சொல்கிறேன்.

காலநிலை மாற்றம் பற்றிப் பேச ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். ஸ்லைடு கிடையாது. ஆளுக்கு ஓர் ஏ4 தாள் கொடுத்தார். ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற மலைமேல் 1958-லிருந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள் அல்லவா, அந்த வரைபடம். "நீங்கள் பிறந்த ஆண்டின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். அம்மா பிறந்த ஆண்டின் மேல் இன்னொன்று. பாட்டிக்கு ஒன்று" என்றார்.

நான் 2003. பத்து லட்சத்தில் 376 பங்கு. அம்மா 1975, அப்போது 331. பாட்டிக்குப் புள்ளி வைக்கத் தாளில் இடமே இல்லை. அளக்கத் தொடங்குவதற்கு முன்பே பிறந்துவிட்டார். அளவு தொடங்கியபோது 315 இருந்தது, 2013-ல் முதல்முறையாக 400-ஐத் தொட்டது, இப்போது 420-ஐயும் தாண்டிவிட்டது என்றார். எத்தனையோ தடவை கேட்ட விஷயம்தான். ஆனால் பென்சிலால் நானே வைத்த புள்ளிக்கும் தாளின் வலது ஓரத்துக்கும் நடுவே உள்ள ஏற்றத்தைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது.

அடுத்து, "இந்தக் கோடு ஏன் ரம்பப் பல் மாதிரி வருஷா வருஷம் ஏறி இறங்குகிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக நின்றார். யாரும் பேசவில்லை. அவரும் பதிலைச் சொல்லிக் காப்பாற்றவில்லை. கடைசியில் பின்வரிசையில் இருந்த தாவரவியல் பையன் ஒருவன், "இலை துளிர்க்கிறதாலயா சார்?" என்றான். அதேதான். நிலப்பரப்பு அதிகம் இருப்பது வட அரைக்கோளத்தில். அங்கே வசந்தம் வந்து செடி கொடிகள் தழைத்தால் வாயு குறைகிறது, இலை உதிர்ந்து மட்கினால் கூடுகிறது. உலகமே மூச்சு விடுகிற மாதிரி. அந்தப் பையன் இப்போது காலநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் தாத்தா கடலுக்குப் போனவர். அதனால் நான் வான் தீவைப் பற்றிக் கேட்டேன். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தத் தீவு சுருங்கிக்கொண்டே போகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் ஏற்கெனவே மூழ்கிவிட்டன. "கடல் மட்டம் உயர்வதாலா?" என்று கேட்டேன். 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் போய்விட்டது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். உலகப் பிரச்சினைக்குள் எங்கள் ஊர்க் காளவாயும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த மாதிரி ஆட்களைக் கூப்பிடுங்கள் மேடம்.

ஓய்வுபெற்ற வரலாறு எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு, 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

நம்மிடம் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்ற நல்ல மரபு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சர் வில்லியம் மேயர் சொற்பொழிவுகள் போன்றவை நூலாகவே வெளிவந்தன. பேச வருகிறவர் எழுதிக்கொண்டு வருவார். ஒரே நாளில் முடிக்காமல் தொடர்ச்சியாகப் பேசுவார். பேச்சு அச்சாகும் என்ற பொறுப்பு அவருக்கு இருக்கும். அந்தப் பொறுப்பு இன்றைய சிறப்புரைகளில் போய்விட்டது.

மத்திய அரசு 2015-ல் தொடங்கிய 'ஞான்' திட்டம் அந்த மரபுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் வந்து 12 முதல் 14 மணி நேரம் நடத்தினால் 8,000 டாலர், 20 முதல் 28 மணி நேரம் என்றால் 12,000 டாலர். கரக்பூர் ஐஐடி ஒருங்கிணைத்தது. எனக்கு அதில் பிடித்தது மணிக்கணக்குதான். ஒருவர் 20 மணி நேரம் வகுப்பு எடுத்தால் விளம்பரம் மட்டும் செய்துவிட்டுப் போக முடியாது. இரண்டாம் நாளே மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்களிடம் அவ்வளவு பணம் இருக்காது. பரவாயில்லை. 300 பேர் அரங்கை விட்டுவிட்டு 60 பேர் உட்காரும் அறையைப் பிடியுங்கள். 10 நாள் முன்பே பேச்சாளரிடம் 4 பக்கக் கட்டுரை ஒன்றை வாங்கிப் படிக்கக் கொடுங்கள். படித்துவிட்டு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தவர்களுக்கே அனுமதி. பேச்சு 40 நிமிஷம், கேள்வி 60 நிமிஷம். அழைப்புக் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள்: எந்த நிறுவனத்திடமிருந்தாவது மாணவர் சேர்க்கைக்குத் தரகு வாங்குகிறவரா என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பல நாடுகளில் ஏஜென்ட்டுக்கு மாணவரின் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு போகிறது. அது குற்றமில்லை. அதை மறைத்துக்கொண்டு அறிஞர் என்று மேடையேறுவதுதான் தப்பு.

தலைப்பை விட்டு விலகினாலும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'கெஸ்ட் லெக்சரர்' என்றால் நம் அரசுக் கல்லூரிகளில் யார்? கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வருஷக்கணக்கில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறவர்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-ல் சொன்னது. நம் பக்கத்தில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அவர்களில் உலக வர்த்தகத்திலும் புலம்பெயர்வு ஆய்விலும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நாலு உரைகளில் ஒன்றையாவது உங்கள் பக்கத்து அறையில் இருக்கும் அப்படி ஒருவருக்குக் கொடுங்கள். அதே பொன்னாடையோடு.

ரைன் கரையிலிருந்து எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஜெர்மனி வந்து படித்து, இங்கேயே வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வெளிநாட்டில் படிக்க முடியும் என்பதையே நான் ஒரு கல்லூரிக் கூட்டத்தில்தான் கேள்விப்பட்டேன். வந்து பேசியவர் ஒரு கன்சல்டன்சிக்காரர்! அவர் வராமல் இருந்திருந்தால் இன்று நான் இங்கே இல்லை. அதனால் 'விசா, கட்டணம் பேசுகிறவர்களை மேடையேற்றாதே' என்று முடிவெடுத்துவிடாதீர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமா சித்தப்பா சொல்லிக்கொடுப்பார்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

சரியான தகவலைச் சொல்கிறவர் வேண்டும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது நிஜம். ஆனால் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017-லிருந்து பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்குகிறது. கட்டணமே இல்லாவிட்டாலும் விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுண்டில், அதாவது மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், ஒரு வருஷச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. மாதம் 992 வீதம் எடுத்துக்கொள்ளலாம். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து, படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். 'இலவசம்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இதை யாராவது நேர்மையாகச் சொன்னால் அந்த டீக்கடைக்காரர் பணத்தை இழந்திருக்க மாட்டார்.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். யோசித்துப் பார்க்கிறேன். வழிகாட்டலை நிறுத்த வேண்டாம், அதற்குத் தனி நாள் வைத்து, 'வெளிநாட்டுச் சேர்க்கை விளக்கம்' என்றே பெயர் போடலாம். பேசுகிறவர்களில் ஒருவர் அங்கே படித்து முடித்த முன்னாள் மாணவராக இருக்கட்டும். நீங்கள் ஜூமில் வருவீர்களா?

ரைன் கரையிலிருந்து எழுதியது:

கண்டிப்பாக வருகிறேன் அக்கா. சனிக்கிழமை என்றால் வசதி.

ஸ்கார்பரோ தமிழ்த்தாய் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் 26 வருடமாக இருக்கிறேன். பன்னாட்டுக் கல்வி, உலகப் பிரச்சினை என்ற இரண்டு தலைப்பையும் ஏன் பிரித்து வைக்கிறீர்கள்? மாணவர் இடப்பெயர்வே ஓர் உலகப் பிரச்சினைதானே.

எங்கள் மாகாணத்தைப் பாருங்கள். ஒன்ராறியோவில் 2019-இல் உள்ளூர் மாணவர்களின் கட்டணத்தை 10 வீதம் குறைத்து, அப்படியே நிறுத்தி வைத்தார்கள். அரசின் நிதியும் போதவில்லை. கல்லூரிகள் அந்தப் பள்ளத்தை எதைக்கொண்டு நிரப்பின? வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தைக் கொண்டு. ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு நிலவறையில் 8 பிள்ளைகள் இருந்தார்கள். குளிர்காலத்தில் சப்பாத்துகள் வாசலில் ஈரத்தோடு வரிசையாகக் கிடக்கும். வீட்டு வாடகை ஏறியதும் பழி முழுக்க அந்தப் பிள்ளைகள் மேல் விழுந்தது. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கையில் காட்ட வேண்டிய தொகை 10,000 டொலரிலிருந்து 20,635 ஆகியது. அந்த வருடம் நவம்பரில் விரைவு விசா வழியையும் மூடிவிட்டார்கள். அதே ஜனவரியில் இங்கிலாந்து, பாடநெறி முதுகலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவதை நிறுத்தியது.

ஏன் கதவு திறந்தது, ஏன் மூடியது என்று ஒரு பொருளியல் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டு விளம்பரத்தையும் நிதானமாகப் பார்ப்பார்கள். நீங்களே பொருளியல் ஆசிரியர்தானே தங்கச்சி. முதல் உரையை நீங்களே செய்யலாம்.

யாழ் வாசகன் எழுதியது:

மொழி பற்றி யாரும் எழுதவில்லை. இங்கே நாங்கள் வருகைதரு விரிவுரையாளர் என்று சொல்வோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் ஆட்களே பலர் வந்து விரிவுரை செய்கிறார்கள். நல்ல விடயங்கள் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்தில் பேசி முடித்ததும் மண்டபம் அமைதியாகிவிடும். வெளியே வந்தால் தேநீர்க் கடையில் அதே பிள்ளைகள் அரை மணி நேரம் அதைப் பற்றிக் கதைப்பார்கள். அறிவு இல்லாமல் இல்லை, ஆங்கிலத்தில் எழுந்து கேட்கக் கூச்சம்.

ஒருமுறை ஒரு துறையில் இப்படிச் செய்தார்கள். முக்கியமான 20 சொற்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதி முதல் நாளே கொடுத்தார்கள். கேள்வியைத் தமிழில் துண்டுச் சீட்டில் எழுதலாம், ஒரு விரிவுரையாளர் மொழிபெயர்த்துக் கேட்பார். அன்று 43 சீட்டுகள் வந்தன. பேச வந்தவரே அவற்றைத் தன்னோடு கொண்டுபோய் ஒரு கிழமைக்குள் மின்னஞ்சலில் பதில் அனுப்பினார்.

கொங்குத் தறி எழுதியது:

எல்லாவற்றையும் ஜூமில் வைத்துவிடலாமே, செலவு மிச்சம்.

முத்துநகர் மாணவி எழுதியது:

வழிகாட்டல் கூட்டத்துக்கு ஜூம் போதும் அண்ணா. மற்றதற்கு வேண்டாம். கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம், நான் உட்பட. பதில் வரும்வரை பேசாமல் நின்றாரே அந்த ஆய்வாளர், அது ஜூமில் நடக்காது. நெட் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

வைகைக்கரை எழுதியது (7 வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. இரண்டு உரைகள் முடிந்துவிட்டன. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

முதல் உரையை நானே செய்தேன், ஸ்கார்பரோ அக்கா சொன்னபடி. பரவாயில்லாமல் போனது. இரண்டாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். பேசியவர் எங்கள் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர், அரசியல் அறிவியல். ஐயா சொன்னபடி அதே பொன்னாடை, ஆனால் விழா மொத்தமும் 6 நிமிஷம். தலைப்பு அகதிகளும் பன்னாட்டுச் சட்டமும். 60 பேர் அறை, 52 பேர் கேள்வி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். தமிழில்தான் பேசினார். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை, நாடற்றவர்களுக்கான 1954 ஒப்பந்தத்திலும் இல்லை. அப்படியிருந்தும் 1983-லிருந்து இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்குத் தமிழ்நாடு நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இடம் கொடுத்திருக்கிறது. சட்டமாக இல்லாமல் அரசாணைகளாக ஓடும் ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று விளக்கினார்.

சீட்டுகளை நான்தான் படித்தேன். பதினோராவது சீட்டு பென்சிலில் எழுதியிருந்தது. "நான் மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன். இங்கேதான் பிறந்தேன். போன வாரம் மேடம் வெளிநாட்டு ஸ்காலர்ஷிப் பற்றிச் சொன்னார்கள். எனக்கு பாஸ்போர்ட் கிடையாது. நான் விண்ணப்பிக்கலாமா?"

படித்து முடித்ததும் எனக்குக் குரல் வரவில்லை. மூன்று வருஷமாக என் வகுப்பில் இருக்கும் பிள்ளை. முகாமிலிருந்து வருகிறாள் என்பது பதிவேட்டில் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஸ்காலர்ஷிப் பட்டியலைப் பலகையில் எழுதும்போது அவளை நினைக்கவே இல்லை.

பேச்சாளர் மழுப்பவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை, அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், எனவே இந்திய பாஸ்போர்ட் இப்போது கிடைக்காது என்று நேராகச் சொன்னார். மற்ற வழிகளை விசாரித்துச் சொல்கிறேன், இன்றைக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன் என்றார். அறையில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் பக்கத்தில் இருந்த பிள்ளைகள், அவர்களே, நாங்களும் சேர்ந்து விசாரிக்கிறோம் சார் என்றார்கள்.

இதில் யாருக்காவது விவரம் தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

யாழ் வாசகன் எழுதியது:

அக்கா, இது எனக்கு ஓரளவு தெரியும். என் சிற்றம்மா குடும்பம் அங்கே முகாமில் இருந்து திரும்பி வந்தது. பெற்றோர் இலங்கைக் குடிமக்கள் என்றால், அந்தப் பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை எடுக்க வழி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கடவுச்சீட்டு. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் பத்திரங்களும் வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பதிவைச் செய்து கொடுத்திருக்கிறது. அவர்களிடம் முதலில் கேளுங்கள். கடவுச்சீட்டு வந்தாலும் இந்தியாவை விட்டுப் புறப்பட வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கும் நாளாகும். அதனால் விண்ணப்பம் போட ஒரு வருடம் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தியக் குடியுரிமைதான் வேண்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இலங்கைப் பதிவு எடுப்பதைப் பற்றி அவர்களுக்கு வேறு எண்ணம் இருக்கலாம். பிள்ளையிடம் மட்டும் கதைக்காமல் தாய் தகப்பனிடமும் கதையுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் தம்பி, மிக்க நன்றி. நாளை காலை முதல் வகுப்பு அவர்களுக்குத்தான். பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா அப்பாவைப் பார்க்க வரலாமா என்றும் கேட்கிறேன். பேச்சாளரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.